கோயில் வாசலில் விட்ட ஷூ

அக். 13, திங்கள்
காலையிலிருந்து தூறல். குளிர் 9 டிகிரி. கவிதா ஆபீஸ் போகிற வழியில் மலைமேல் ஒரு கிராமத்தில் இறக்கிவிட்டாள். "சுத்திப் பாருங்கப்பா, எல்லாம் எண்ணூறு வருஷத்துக் கட்டடம். அஞ்சு மணிக்கு வர்றேன்." இத்தாலி வந்து பதினெட்டாம் நாள்.

பார்த்தவை: கோட்டை வாசல். மணிக்கூண்டு (கடிகாரம் ஓடவில்லை). பெரிய சர்ச், சுவரில் ஒரு புனிதர், கையில் மீன். எங்கள் பக்கத்து மீனவர் ஊர் பட்டினச்சேரியில் அந்த மீனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சின்ன சர்ச், பூட்டு.

திரும்பும்போது கவிதா: "ரிட்டர்ன் டிக்கெட்டை கேன்சல் பண்ணிடவாப்பா? தருமபுரத்துல தனியா என்ன பண்ணப் போறீங்க? வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க." நியாயம்தான். ராஜம் போய் ஒன்றரை வருஷம். பெண்டாட்டி இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அக். 14, செவ்வாய்
மழை விட்டது. அதே கிராமம். முட்டிவலி மாத்திரை மறந்தேன்.

அசட்டுத்தனம் ஒன்று. சின்ன சர்ச் திறந்திருந்தது. நம் ஊர் மாதா கோயில் பழக்கம், ஷூவை வாசலில் கழற்றிவிட்டுப் போனேன். பன்னிரண்டுக்கு ஒரு கிழவி மணியாட்டி வெளியே போகச் சொன்னாள், கதவைப் பூட்டினாள். வாசலில் ஷூ இல்லை. கல்யாண மண்டபத்தில்தான் திருடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஈரப் படியில் காலுறையோடு மூன்று மணி நேரம். கவிதா போன். "சாப்ட்டீங்களா?" "ஆச்சு."

மூன்று மணிக்குக் கிழவி வந்தாள். என் காலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். யாரோ போட்டுவிட்டுப் போனது என்று அவள்தான் எடுத்து உள்ளே வைத்திருக்கிறாள், சைகையில் புரிந்தது. கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஈரக் காலுறையைக் காட்டிக் காட்டித் திட்டினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ராஜத்துக்குப் பிறகு என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. முடியும்வரை நின்று கேட்டேன். கண் கலங்கிவிட்டது, வெட்கம்.

அக். 15, புதன்
நல்ல வெயில். சின்ன சர்ச் கதவுக்கு உள்பக்கம் பழைய பேப்பர் விரித்திருந்தது. கிழவி விரலால் காட்டினாள். ஷூவை அதில் விட்டேன். அவள் என்னவோ சொன்னாள். நானும் தமிழில் ராஜத்தைப் பற்றிச் சொன்னேன், வெகுநேரம். தலையாட்டினாள். பாவம்.

அக். 16, வியாழன்
மேகமூட்டம். துணி துவைக்கிற நாள். காலுறையின் அடியைக் கவிதா பார்த்துவிட்டாள்.

"ரோட்டுல வெறும் சாக்ஸோடயா நடந்தீங்க?"

சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"போன் பண்ணப்ப ஏம்ப்பா சொல்லல?"

"நீ வேலையா இருந்தே."

துணியை அலசிக்கொண்டே, "டிக்கெட்?"

"கேன்சல் பண்ண வேணாம்மா."

"அங்க மட்டும் யாரு இருக்கா?"

"யாரும் இல்லதான். யாராச்சும் திட்டுனா புரியும்."

அவள் அந்தக் காலுறையை மறுபடி வாளியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.