ஐஸ்கட்டி

அன்புள்ள அம்மா,

போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

சாயங்காலம் வாய்ப்புண் எரிகிறது என்று ஐஸ்கட்டி கேட்டாய். கீமோ ஆரம்பித்ததிலிருந்து கேட்பதுதானே என்று நானும் கொடுத்தேன். அப்பா தெர்மாமீட்டரோடு வரும் சத்தம் கேட்டதும் அவசரமாகத் துப்பினாய். உன் வாயில் அவர் வைத்த தெர்மாமீட்டர் காய்ச்சல் இல்லை என்று காட்டியது.

"பாத்தீங்களா? நாளைக்கு உங்க பொண்ணு நாடகத்துக்கு முதல் வரிசையில நான்தான்" என்றாய் அப்பாவிடம்.

"மொட்டைத் தலைய முதல் வரிசையில உக்கார வச்சா, மேடையில இருக்கிறவங்களுக்குக் கண்ணு கூசுமேடி" என்றார் அப்பா. நானும் சிரித்தேன்.

சற்று முன் உனக்குப் போர்த்திவிட வந்தேன். உன் பாதம் நெருப்பாய்க் கொதித்தது. ஐஸ்கட்டி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. "நாடகம் முடியட்டும். அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்றாய். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும் கூட்டிவரச் சொன்னாரே நர்ஸ், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று? அப்போதும் நீ இப்படித்தான் தலையாட்டினாய்.

நாடகத்தில் நான் வெறும் மரம் அம்மா. ஒரு வசனம்கூட இல்லை. காற்றடித்தால் கையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். அதை உன் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று ஆட்டிக் காட்டுகிறேன்.

நேரில் சொன்னால் அழுதே என்னைத் தடுத்துவிடுவாய். இதை உன் பையில் வைக்கிறேன், போகும் வழியில் படி. இப்போது அப்பாவை எழுப்பப் போகிறேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றாத
உன் மகள்