மரம் எண்ணும் நாள்

அன்பான இனேவுக்கு,

இங்கே நான் நலம். உன் இருமல் நின்றதா? அப்பாவின் முழங்கால் எப்படி?

நேற்று மலையம்மன் தன் மரங்களை எண்ணும் நாள். காட்டுக்குள் ஆள் அகப்பட்டால் அவனையும் மரமென்று எண்ணிவிடுவாள், அப்புறம் அவன் திரும்பமாட்டான். தெரிந்தும் போனேன். நீ பின்னிய கையுறையை அங்கே மறந்து வைத்திருந்தேன். எடுக்கப் போகும்போது, காற்றே இல்லை, பக்கத்து மரம் முறிந்து அதன்மேலேயே விழுந்தது. எனக்குக் கால் நகரவில்லை, வேர் விட்டதுபோல் நின்றேன்.

என்னோடு மரம் வெட்டும் கூட்டாளி குமாசோதான் காட்டோரத்தில் நின்று, நீ அனுப்பிய கருவாட்டைத் தூக்கிப் பிடித்துக் கத்தினான்: "தாயே, இந்த மீன் மூஞ்சியப் பாரு! இதுக்கு நீ எவ்வளவோ அழகு! சிரிச்சிட்டு அவன விட்டுடு!" எப்படியோ ஓடிவந்தேன். "பொண்டாட்டி பின்னுனதுக்காகவாடா உள்ள போன? மலையம்மனுக்குப் பொம்பளைங்கன்னா பொறாமைன்னு தெரியாது?" என்று முதுகில் ஒன்று வைத்தான்.

பயப்படாதே. இன்னொரு கருவாடு அனுப்பு, இன்னும் அவலட்சணமாகப் பார்த்து. கையுறையும் பின்னு. பொட்டலத்தின்மேல் உன் பெயர் அம்மன் கண்ணில் பட வேண்டாம், உன் அண்ணன் பெயரையே எழுது.

சுமைக்காரன் கிளம்புகிறான், முடிக்கிறேன். தூக்கத்தில் நான் உன் பெயரைச் சொல்கிறேனாம். குமாசோ பக்கத்தில் படுத்து என் வாயைப் பொத்துகிறான்.

ஹெய்சுகே