பாலகுமார் எழுதிய கேன்சல் பக்கம்

ஏப்ரல் 3, 2006
எங்கள் கம்ப்யூட்டர் ஆபீசை நடத்தும் சுரேந்திரன் சார் இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. லாட்ஜ் புக்கிங் சைட்டில் எந்தப் பக்கம் எழுதினாலும் அவர் எழுதிய பேஸ் பேஜ் என்ற தாய்ப் பக்கத்திலிருந்துதான் பிறக்க வேண்டுமாம். அதில் உள்ளதெல்லாம் கேட்காமலே எல்லாப் பக்கத்துக்கும் வந்துவிடும். பக்கம் திறந்ததுமே, பட்டன் அழுத்தும் முன்பே, அதன் வேலையைத் தானாகச் சேமிப்பதும் அதில் ஒன்று. கரண்ட் போனாலும் பதிவு போகாது என்று எழுதி வைத்திருக்கிறார். சேமிப்பதைக் கன்ட்ரோல் என்று தனித் துண்டாக எழுதுவோம், வேண்டிய பக்கத்தில் மட்டும் மாட்டிக்கொள்வோம் என்றேன்.

“ஏதோ ஒரு பக்கத்துல மாட்ட மறந்துட்டா? லாட்ஜ்காரன் என்னையத்தான் கேப்பான். உன் சோலியைப் பாரும்மா.”

அதுவும் நியாயம்தான். அதனாலேயே எனக்கு எரிச்சல்.

ஏப்ரல் 11
ரூம் கேன்சல் செய்யும் பக்கம் என்னுடன் வேலை செய்யும் பாலகுமாருக்குப் போனது. சிலோனிலிருந்து திரும்பிய எஸ்டேட் குடும்பம். வீட்டில் மாதச் சம்பளக்காரன் அவன் ஒருவன்தான். பேஸ் பேஜ் இல்லாமல் எழுதிப் பாரேன் என்றேன்.

“சார் பேச்சை மீறுனா என்னை வச்சிருப்பாராக்கா?”

ஏப்ரல் 12
மழை. கரண்ட் இல்லை.

மே 14
யா அல்லாஹ். நேற்று லாட்ஜில் யாரோ கேன்சல் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் மூடியிருக்கிறார்கள். அருப்புக்கோட்டைக் குடும்பம் ஒன்றின் ரூம் காலி என்று காட்டிவிட்டது. வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சீசனில் எங்கே போய் ரூம் தேடுவது? குளிரில், மழையில், வேனிலேயே கிடந்திருக்கிறார்கள். அவர்களோடு வந்த பெரியவருக்கு வீசிங். விடிகாலையில் மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மே 15
நானே ஒரு ரூம் போட்டுக் கேன்சல் பக்கத்தைத் திறந்தேன். பட்டனைத் தொடவே இல்லை. கேன்சல் ஆகிவிட்டது. பாலகுமார் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. பேஸ் பேஜிலிருந்து வந்த சேமிப்பு, பக்கம் திறந்ததுமே கேன்சலைப் பதிவாக்கிவிட்டது. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பக்கத்தை எழுதுனது அவன்தானேம்மா?”

“எழுதச் சொன்னது யாரு சார்?” கத்திவிட்டேன்.

மத்தியானமே சார் பாலகுமாரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நான் நேரே லாட்ஜ் முதலாளியிடம் போய் எல்லாம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஆளைத்தான் எடுத்தாச்சுல்ல, இன்னும் என்ன?” என்றார். என்னத்தைச் சொல்ல?

ஜூன் 6
“நீ சொன்ன மாதிரியே கன்ட்ரோலா எழுதிரும்மா. வெரசா முடி” என்றார் சார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ச்சீ.

ஜூலை 30
சந்தையில் பாலகுமாரைப் பார்த்தேன். ஆடலூரில் மிளகுத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறானாம்.

“கேன்சல் பக்கம் இப்ப ஒழுங்கா ஓடுதாக்கா?”

“ஓடுது. தப்பு உன்னோடது இல்ல பாலு. பேஸ் பேஜ்ல இருந்து வந்தது. நானே பார்த்தேன்.”

“நல்ல மனசுல சொல்றீங்க. பேஸ் பேஜ் இத்தனை வருசமா நல்லாத்தானே ஓடுச்சு? என் பக்கம் வந்த பிறகுதானே அந்தப் பெரியவர் செத்தார்?”

எவ்வளவோ சொல்லியும் தலையை ஆட்டினானே தவிர நம்பவில்லை.

“அருப்புக்கோட்டைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன்க்கா. அவர் மகன் அடிச்சார். நின்னு வாங்கிக்கிட்டேன்.”

வீடு வரும்வரை அழுதேன். நாளை ஆபீசுக்குப் போகப்போவதில்லை. அந்த மகனிடம் நடந்ததை நானே சொல்ல வேண்டும். வெள்ளனே கிளம்பினால்தான் அருப்புக்கோட்டை போய்ச் சேர முடியும் என்கிறார் அத்தா.