அவள் எப்போது அழுதாள்?

சிறையில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் உங்கள் மகளும் நலம். நீங்களும் நலமாக இருங்கள். நான் திட்டப்போவதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும்.

நீங்கள் உள்ளேயிருந்து எழுதிய கட்டுரையைச் சங்கத்தார் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் தையல் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில், காஜா எடுக்கும் அக்கா சத்தமாக வாசித்தாள். நம்மை நூலக வாசலில் நிறுத்தியவர்களையே "அன்பு நண்பர்களே" என்று அழைக்கிறீர்கள். "இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?" என்று பத்திக்குப் பத்தி கேட்கிறீர்கள். நாலாவது தடவை வந்தபோது எல்லோரும் அவளோடு சேர்ந்தே சொன்னார்கள். எனக்கும் சிலிர்த்தது. கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம் வந்தது நம் மகள் கதை. நூலகத்துக் காவலாளி "உங்க ஆளுங்களுக்கு இங்க இடமில்ல" என்றதும், அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று தேம்பித் தேம்பி அழுதாளாம். அடப்பாவி மனுஷா! நானும் பக்கத்தில்தானே நின்றேன், அவள் எப்போது அழுதாள்? செருப்பைக் கழற்றி அந்த ஆள்மேல் வீசினாள். குறி தவறிக் கதவுக் கண்ணாடி உடைந்தது. வாசலிலேயே மறியலுக்கு உட்கார்ந்த உங்களைப் போலீஸ் பிடித்து வண்டியில் ஏற்றியபோது, "எம்பொண்ணுடி இவ!" என்று சிரித்தீர்களே, மறந்துவிட்டதா?

ஏன் மாற்றினீர்கள் என்று புரியாத மக்கு இல்லை நான். செருப்பு வீசிய பிள்ளைக்கு யார் இரங்குவார்கள்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். குடித்தாயிற்று! எங்கள் முதலாளி மனைவி அதை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். தன் மகள் போட்டுக் கழித்த வெள்ளைக் கவுனைக் கொடுத்தனுப்பினாள். ஆனால் கம்பெனியில் நம் ஆட்களுக்கென்று ஒதுக்கிய தண்ணீர்க் குழாய் இன்னும் கக்கூஸை ஒட்டித்தான் இருக்கிறது. நாம் கேட்டது பழைய துணியையா?

பிறகு சங்கச் செயலாளர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மகள் அந்தக் கவுனோடு மேடையேறி நீங்கள் எழுதிய வரியைச் சொல்ல வேண்டுமாம். "கொஞ்சம் அழுதா போதும்மா, கல்லும் கரைஞ்சிடும்" என்றார். முடியாது என்றேன். "உங்க வீட்டுக்காரர் எழுதினதுதானே?" என்று என் வாயை அடைத்துவிட்டுப் போனார்.

நேற்று வேலை முடிந்து வந்தால், உங்கள் மகள் கண்ணாடி முன் நின்று அழப் பழகிக்கொண்டிருக்கிறாள். முகத்தைக் கோணிப் பார்த்தாள். கண்ணீர் வரவில்லை. எச்சிலைத் தொட்டுக் கன்னத்தில் தடவினாள். "அம்மா, நான் அன்னைக்கு அழுதேனா? அப்பா பொய் எழுத மாட்டாரே?" என்று கேட்டாள். உங்களைப் பொய்யர் என்று நான் எப்படிச் சொல்வேன்?

கூட்டத்துக்கு முன் ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். உங்கள் அன்பு நண்பர்களுக்கு இல்லை, அவளுக்கு. அவள் அழவில்லை என்று. வராவிட்டால் நானே மேடையேறிச் சொல்வேன். கூட்டம் கலைந்தால் கலையட்டும்.

குளிருக்குப் போர்வையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொள்ளுங்கள். கவுனைக் கிழித்து மெஷின் துடைக்க வைத்துவிட்டேன். செருப்பு இங்கே ஒற்றையாகத்தான் கிடக்கிறது. மற்றது இன்னும் அந்த நூலகத்துக்காரர்களிடம் இருக்கிறது. நல்லபடியாக வந்து சேருங்கள், போய் வாங்கிவரலாம்.

இப்படிக்கு,
செருப்பு வீசியவளின் அம்மா