எதிர்ச்சாரி லேசர்

பிப். 2, திங்கள்
பனி. பத்து மணி வரை மலையேறி புதூர்நாட்டுக்கு ஒரு ஜீப்கூட வரவில்லை. என் பல் கிளினிக்குக்குப் பஞ்சு, கையுறை வாங்க வேண்டும். கம்ப்ரசரில் ஏதோ கசிகிறது. என் கடைவாய்ப் பல்லில் மறுபடி கூச்சம்.

எதிர்ச்சாரியில் கிளினிக் போட்டிருக்கும் வாணியம்பாடி பல் டாக்டர் இர்ஃபான் லேசர் மிஷின் இறக்கிவிட்டார். டிரில் இல்லாமலே சொத்தையை எடுக்குமாம். "ஊசி கூட வாணாமாங்க்கா, வலியே இல்லியாம்." இப்படிச் சொன்னது என் உதவியாளர் செல்விதான். என்னிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு!

பிப். 3, செவ்வாய்
எனக்கு இரண்டு பேர். அங்கே வரிசை. புளி உலுக்கப் போகவேண்டியவர்கள்கூட அங்கேதான். இத்தனை வருடம் இந்த மலைக்குப் பல் பார்த்தவள் நான். வயிறு எரிகிறது.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அப்புறம் ஓரமாக விலக்கிப் பார்த்தேன்.

பிப். 5, வியாழன்
வெள்ளையன் வந்தார். சாமை விவசாயி, என் பழைய பேஷண்ட். நேற்று இர்ஃபானிடம் சொத்தை அடைத்தவர். ஒரே கோபம்.

"இன்னாம்மா இது? டார்ச்சு லைட்டு அடிச்சி, தண்ணி தெளிச்சி, போய்ட்டு வான்னுட்டாரு. மிஷினு கொர்ருனு கூட கத்தல. பல்லு எப்டி சரியாவும்? நீயே பண்ணிடும்மா."

குறை கிடைக்காதா என்று துருவித் துருவிப் பார்த்தேன். ஓரம் சுத்தம், கடிக்கும்போது பொருத்தமும் சரி. என் கைக்கு இவ்வளவு நேர்த்தி வராது.

நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிரில்லை அவர் வாய்க்குள் விட்டு, பல்லில் படாமல் சும்மா ஓடவிட்டேன். வெள்ளையன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஹாங்... இப்பதாம்மா சரியாச்சி."

காசு வாங்கவில்லை. அக்காவுக்கு நல்ல மனசு என்றாள் செல்வி.

பிப். 7, சனி
ஜீப் ஸ்டாண்டில் பேச்சு: "லேசரு டாக்டரு கெடுத்தத டாக்டரம்மா சரி பண்ணாங்களாம்." என் வாசலில் கூட்டம். எதிரே இர்ஃபான் தனியாக நின்று டீ குடித்தார். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

சாயங்காலம் முறுக்கு கடித்ததில் கடைவாய்ப் பல் விண்டுவிட்டது.

பிப். 8, ஞாயிறு
தாங்க முடியவில்லை. திருப்பத்தூர் போகலாம், அங்கேயும் டிரில்தான். அந்தச் சத்தம் என் வாய்க்குள் கேட்டால் எனக்கு உயிர் போய்விடும். அதனால்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன்.

செல்விக்குத் தெரியாமல் இர்ஃபானிடம் போனேன். சட் சட் என்று சின்ன வெடிப்பு, தண்ணீர்த் தூறல். வலி இல்லை. பாவி, நிஜமாகவே இல்லை.

அடைத்து முடித்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "மேடம், வெள்ளையன் பல்ல நீங்க திரும்ப சரி பண்ணீங்களாமே. நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க, கத்துக்கறேன்."

நல்ல வேளை, என் வாய் நிறையப் பஞ்சு.

அவரே பஞ்சை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.