நாற்பத்து மூன்றாம் எண்ணின் முகம்

சார்,

போன வாரம் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வராந்தாவில் பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. தலைசுற்றல் என்று நினைத்து வீட்டுக்காரி சோடாவுக்கு ஆள் அனுப்பினாள். சோடாவா கேட்கும் அதற்கு?

எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் எழுபதுகளில் மயிலாப்பூரில் அந்தக் கல்லூரி நடந்ததே என்னால்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சம்பளப் பட்டியலில் பியூன் என்று போட்டிருப்பார்கள். பிரின்சிபால் என்னைக் கேட்காமல் குடையை விரிக்க மாட்டார். எண்ணூறு பையன்களையும் முகம் பார்த்துப் பெயர் சொல்லுவேன் என்று உங்களிடமும் அளந்திருக்கிறேன். "மாணிக்கம், அப்போ நீர்தான்யா வாத்தியார்" என்று சிரிப்பீர்கள்.

உங்கள் சரித்திர வகுப்புக்கு, நீங்கள் படித்த காலத்தில் உங்கள் பேராசிரியர் கொடுத்த நோட்ஸ்தான். அவர் இருமிய இடத்தில் நீங்களும் இருமுவீர்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தலை நிமிராது. எண்ணைக் கூப்பிடுவீர்கள், "எஸ் சார்" என்று ஒரு குரல் வரும், டிக் விழும். வராதவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் குரல் கொடுப்பது பையன்களுக்குள் வழக்கம். கதவோரம் நின்ற எனக்கு அது தெரியும். வேடிக்கையாக இருந்ததால் சொல்லவில்லை.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நாற்பத்து மூன்றாம் எண் பையனின் அப்பா வந்தது ஒரு மத்தியானம். சின்ன ஜவுளிக் கடைக்காரர். "பய லெட்டர் போட்டு ஒரு மாசமாச்சு சார்" என்றார். நீங்கள் ரிஜிஸ்டரைப் புரட்டினீர்கள். "நாப்பத்தி மூணு... ஒரு நாள்கூட லீவு இல்லையே. கவலைப்படாதீங்கோ."

"ஒரு நிமிசம் மூஞ்சியப் பாத்துட்டு ரயிலுக்குப் போயிருவேன்."

என்னை அனுப்பினீர்கள். கல்லூரி முழுக்கச் சுற்றினேன். யாரைத் தேடுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. எண்ணூறு முகமும் தெரிந்தவன் வெறுங்கையோடு திரும்பலாமா? வந்து ஒரே போடாகப் போட்டேன். "இன்னா சார், இப்பத்தான் என்கூட டீ குட்சான். பசங்களோட மகாபலிபுரம் கெளம்பிட்டான். ஜம்முனு கீறான், நைனா, நீ ஊருக்குப் போ!"

அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் நீங்கள் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். "மாணிக்கம், அந்தப் பையன் எப்படிய்யா இருப்பான்? நெட்டையா, குட்டையா? ஞாபகமே வரலையே." நான் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் நீங்கள் வகுப்பில் விசாரித்ததும், அவனுக்காகக் குரல் கொடுத்துவந்த பக்கத்துப் பையன் அழுதான். "பத்து நாளா வரல சார். கோடம்பாக்கத்துல ஷூட்டிங் பாக்கச் சுத்துறான்னு நெனச்சோம்." வடபழனியில் அவன் தங்கியிருந்த அறைக்கு நீங்களும் நானும் ஓடினோம். வீட்டுக்காரம்மா கதவைப் பாதி திறந்து சொன்னாள்: "காய்ச்சல்ல நெனப்பில்லாம கெடந்துது. ரிக்‌ஷால ஏத்தி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஒரு வாரம் ஆவுது. பேருகூட சரியாத் தெரியாது எனக்கு."

வார்டில் வரிசை வரிசையாகக் கட்டில்கள். பினாயில் வாடை. இடம் கிடைக்காதவர்கள் தரையில் கிடந்தார்கள். நம் இரண்டு பேருக்கும் அவன் முகம் தெரியாது; தெரிந்த பையன் ஒருவனைக் கூட்டிவர அந்த அவசரத்தில் தோன்றவில்லை. ஒவ்வொரு கட்டிலாக நின்று அவன் பெயரைச் சொல்லிப் பார்த்தீர்கள். யாரும் திரும்பவில்லை. கடைசியில், வகுப்பில் கூப்பிடும் அதே குரலில், "நாப்பத்தி மூணு" என்றீர்கள்.

ஜன்னலோரத் தரையிலிருந்து, கண் திறக்காமல், ஒரு முனகல் வந்தது. "எஸ் சார்."

தந்தி கொடுத்தீர்கள். அப்பா வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். பையன் அதற்கு முந்தின நாளே போய்விட்டான்.

அவர் அழவில்லை. உடலைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நேராக என்னைத்தான் கேட்டார். "அன்னைக்கு உங்ககூட டீ குடிச்சான்னு சொன்னியளே, அது யாருய்யா?"

நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "அவரை விட்டுடுங்கோ. இல்லாதவனை இருக்கான்னு எழுதினது நான். உங்க பிள்ளை முகத்தை நான் ஒரு நாளும் பாத்ததில்லை."

அதன்பின் நோட்ஸை நீங்கள் தொடவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் தலை நிமிர்ந்து, முகம் கிடைக்கும்வரை காத்திருப்பீர்கள். பாதி நேரம் அதிலேயே போகும். முதலில் பையன்கள் கேலி செய்தார்கள். பிறகு அடுத்தவனுக்குக் குரல் கொடுப்பதை விட்டார்கள். "இத்தனை வருஷம் நோட்ஸ்தான் கிளாஸுக்கு வந்திருக்கு, மாணிக்கம். நான் வரலை" என்றீர்கள் ஒரு நாள்.

இந்தக் கதையை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கதையில் நான் அந்த அப்பாவின் காலில் விழுவேன், நடந்ததைச் சொல்லுவேன், கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரு தரம் உங்கள் எதிரிலேயே சொன்னேன். நீங்கள் மறுக்கவில்லை. நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், இப்போது மறுக்கவும் ஆள் இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்ததுபோல் ஆகிக்கொண்டு வருகிறது. அவர் தோளைத் தொட்ட ஞாபகம்கூட இருக்கிறது, சார். பயமாக இருக்கிறது. முழுக்க நம்பிவிடுவதற்குள் உங்களுக்கு எழுதி வைக்கிறேன்: அன்றைக்கு நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.