காலைக் காட்டிவிட்டுக் கையை நீட்டுகிறேன்

அண்ணாச்சி,

இன்று காலை உங்கள் லேபுக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். புதிதாக வந்திருக்கும் பெண் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்ததும், அந்த வாசனையில் நீங்கள் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். நான் ஊசியைப் பார்க்கக் கூடாது என்று, பூக்கடைக்காரியான என்னிடம் பூ விலை கேட்பீர்களே. "பிச்சி இன்னைக்கு என்ன வெல போவுது?" நான் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

மார்பில் கட்டியை எடுத்து, மருந்தெல்லாம் ஏற்றி முடித்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களிடம்தான் வருவேன். வெள்ளை அணுக்களில் இரண்டு வகையை எண்ணி, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, தாளின் ஓரத்தில் பேனாவால் ஓர் எண் எழுதித் தருவீர்கள். திருநெல்வேலி டாக்டர் அதையும் பார்ப்பார். ஏறினால் கட்டி திரும்புகிறதோ என்று பயம்; ஏறாமல் இருந்தால் எனக்கு அன்று சோறு இறங்கும்.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த வருஷம், கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும், அந்த எண் குறைய வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். வெறுங்காலோடு கோயிலை நூற்றியெட்டு சுற்று. மூன்று நாளில் முடித்தேன். குதிகால் கொப்பளித்து உடைந்து சீழ் வைத்துவிட்டது. வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்று வாயைத் திறக்காமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம் வந்தால் தாளின் ஓரத்தில் எண் இல்லை.

"நம்பர எங்க அண்ணாச்சி?"

"ஏறியிருக்கு தங்கச்சி. போன தடவைக்கு ரெண்டு மடங்கு."

தை மாதம் மகள் கல்யாணம். அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன் என்றே நினைத்தேன். எழுந்து நடந்தேன்.

"நில்லு. எதுக்கு நொண்டுத? செருப்பக் கழட்டு."

குனிந்து பார்த்தீர்கள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தீர்கள். எனக்கு வந்ததே கோபம்!

"ஒடம்புல எங்கன சீழ் வச்சாலும் இந்த நம்பர் ஏறும். எதனாலன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. கொறையணும்னு சுத்தி, நீயே ஏத்திட்டு வந்திருக்கியோ என்னமோ. சத்தியம் பண்ண மாட்டேன். டாக்டர்ட்ட காலையும் காட்டு. புண்ணு ஆறட்டும், மறுபடி எடுப்போம்."

டாக்டரும் அதையேதான் சொன்னார். புண் ஆறும்வரை நான் தூங்கியது குறைவு. மறுபடி எடுத்தபோது எண் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது. அதன் கீழே நீங்கள் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "சுத்தாமலே எறங்கிட்டு பாத்தியா?" என்றீர்கள். "அம்மனுக்குக் கேக்கும், மெதுவாப் பேசுங்க" என்று இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன்.

ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்த்த மனுஷன், சொந்த நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள். அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

மற்றபடி நன்றாக இருக்கிறேன். பேத்திக்கு நடை வந்துவிட்டது. ஆடிச் சுற்றையும் விடவில்லை. ரத்தம் கொடுத்த மறுநாள்தான் தொடங்குகிறேன்.

இன்றும் அந்தப் பெண் ஊசியை எடுக்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன்.

"காலு எதுக்குக்கா?"

"புண்ணு இருக்கான்னு பாரு. இங்கன இருந்த அண்ணாச்சி, மொதல்ல அதப் பாக்கணும்னு சொல்லியிருக்காவ."

அவள் சிரிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து இரண்டு குதிகாலையும் பார்த்தாள்.